மேல்முறையீடு: ஸ்காட்ஸ்பரோ வழக்கு நமக்குக் கூறும் பாடம்

ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னர், பள்ளி விட்டு மாணவர்கள் வீடு திரும்பிய ஒரு மாலை நேரத்தில், எட்டாம் வகுப்பில் பயின்ற மாணவன் ஒருவனின் தந்தை நம்மைத் தேடி வந்தார். அவர் கொத்து வேலை செய்பவர். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை இருந்தது. அதிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்து மேசைமேல் வைத்து, “இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லணும் சார்” என்றார். அவருடைய மூத்த மகனுக்கு ஓர் அடிதடி வழக்கில் ஈராண்டுச் சிறைத்தண்டனை விதித்த குற்றவியல் நடுவர் நீதிமன்றத் தீர்ப்பின் நகல் அது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. தீர்ப்பு நாளைப் பார்த்தோம். நாற்பத்தொரு நாட்கள் கடந்திருந்தன. அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வதற்குச் சட்டம் அளிக்கும் காலமோ முப்பது நாட்கள். அத்தனை நாட்களும் அத்தாள்கள் அவர் வீட்டுச் சாமிப் படத்தின் பின்னால் பத்திரமாக இருந்திருக்கின்றன. “தீர்ப்புச் சொல்லிட்டா முடிஞ்சு போச்சுன்னு நினைச்சோம் சார்” என்று அவர் சொன்ன சொல் இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது.

நல்ல வேளையாக, வழக்கறிஞர் ஒருவரின் உதவியால் காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவுடன் மேல்முறையீடு செய்யப்பட்டது. மேல்நீதிமன்றம் அதனை ஏற்று, இறுதியில் அவன் சிறையில் கழித்த காலமே போதுமென்று தண்டனையைக் குறைத்தது. ஆனால், தீர்ப்பு என்றால் முடிவு என்று எண்ணிக் கொண்டு, திறந்திருக்கும் கதவைத் தட்டாமலே திரும்பிவிடும் குடும்பங்கள் நம்மில் எத்தனை! வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு சங்கத்தார் பணித்தபோது நம் நினைவுக்கு முதலில் வந்தது அம்மஞ்சள் பைதான். ஆகவே, மேல்முறையீடு என்னும் உரிமையின் வரலாற்றில் பெரும் பெயர் பெற்ற வழக்கு ஒன்றை நம் இளைஞர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அது நம் நாட்டில் நடந்ததன்று. அமெரிக்க நாட்டில், நம்மைப் போலவே பிறப்பினால் தாழ்த்தப்பட்ட கறுப்பின இளைஞர் ஒன்பதின்மர் மீது தொடுக்கப்பட்ட வழக்காகும்.

சரக்கு வண்டியில் தொடங்கிய வழக்கு

1931 ஆம் ஆண்டு. உலகையே வாட்டிய பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவில் இலட்சக்கணக்கானோரின் வேலையைப் பறித்திருந்த காலம். ஏழை இளைஞர்கள், வெள்ளையராயினும் கறுப்பராயினும், பயணச்சீட்டு வாங்க வழியின்றிச் சரக்கு வண்டிகளில் ஏறி ஊர் ஊராக வேலை தேடி அலைந்தனர். அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 25 ஆம் நாள், டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரிலிருந்து மெம்பிஸ் நோக்கிச் சென்ற சரக்கு வண்டி ஒன்று அலபாமா மாநிலத்தின் வடபகுதி வழியே ஓடிக்கொண்டிருந்தது. வண்டியில் வெள்ளை இளைஞர் சிலருக்கும் கறுப்பின இளைஞர் சிலருக்கும் இடையே கைகலப்பு மூண்டது. வண்டியினின்று இறக்கிவிடப்பட்ட வெள்ளையர்கள் அருகிலிருந்த நிலையத்தில் முறையிட்டனர். பெயின்ட் ராக் என்னும் சிற்றூரில் துப்பாக்கி ஏந்திய கூட்டம் வண்டியை நிறுத்தியது. கறுப்பின இளைஞர் ஒன்பதின்மர் பிடிபட்டனர். அதே வண்டியில் பயணம் செய்த வெள்ளைப் பெண்கள் இருவர், தங்களை இவர்கள் வன்புணர்ச்சி செய்ததாகக் குற்றம் சாட்டினர்.

ஒன்பதின்மரும் இருபது வயதைச் சுற்றியோ அதற்குக் கீழோ இருந்தவர்கள். மிக இளையவனாகிய ராய் ரைட்டுக்குப் பதின்மூன்று வயதுக்கு மேலிராது. அவனுடைய தமையன் ஆண்டி ரைட்டும் அவனுடன் பிடிபட்டான். ஓலன் மான்ட்கோமெரி என்பவனுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. வில்லி ராபர்சன் நோயினால் கோலூன்றி நடந்தவன். ஓடும் வண்டியில் தாவிக் குதிக்கும் நிலையிலேயே இல்லாதவன். ஒன்பதின்மரில் பலர் அன்றுதான் ஒருவரையொருவர் முதன்முதலாகக் கண்டவர்கள். எனினும் அன்றைய அலபாமாவில் வெள்ளைப் பெண் ஒருத்தியின் குற்றச்சாட்டுக்கு எதிராகக் கறுப்பன் ஒருவனின் சொல் அவையேறாது. ஸ்காட்ஸ்பரோ என்னும் ஊர்ச் சிறையில் அவர்கள் அடைக்கப்பட்ட அன்றிரவே, அவர்களை வெளியே இழுத்துக் கொல்லக் கூட்டம் கூடிற்று. அரசு படையை அனுப்பிக் காவல் இட்டதனால் உயிர் தப்பினர்.

நான்கு நாளில் எட்டு மரண தண்டனைகள்

பிடிபட்ட பன்னிரண்டாம் நாள், அதாவது ஏப்ரல் 6 ஆம் நாள், விசாரணை தொடங்கியது. 9 ஆம் நாள் முடிந்தும் விட்டது. நான்கு நாட்களில் எண்மருக்கு மரண தண்டனை. சிறுவன் ராய் ரைட்டுக்கு மட்டும் ஆயுள் தண்டனை போதும் என்று அரசுத் தரப்பே கேட்டிருந்தும், ஜூரி எனப்படும் நடுவர் குழுவினருள் சிலர் அவனுக்கும் மரணமே வேண்டுமென்று பிடிவாதம் செய்ததால், அவன் வழக்கு முடிவின்றி நின்றது. ஜூரியில் இருந்த அனைவரும் வெள்ளையர்கள்.

இவர்களுக்கு வழக்கறிஞர் இருந்தாரா என்று கேட்டால், பெயரளவில் இருந்தார் என்றே சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நீதிபதி அவ்வூர் வழக்கறிஞர் அனைவரையுமே பொதுவாக இவர்களுக்காக நியமித்திருந்தார். எல்லாரும் பொறுப்பு என்றால் ஒருவரும் பொறுப்பில்லை என்பது நம் ஊர்ப் பொதுக்கிணற்றைப் பார்த்தாலே விளங்கும். விசாரணை நாளன்று டென்னசியிலிருந்து வந்த ஒருவர், தமக்கு அலபாமா மாநில நடைமுறை தெரியாது என்று தாமே ஒப்புக்கொண்டார். முதுமையுற்ற உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் அவருக்குத் துணை நின்றார். குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களோடு அமர்ந்து பேசவும், சாட்சிகளைத் தேடவும் அவர்களுக்கு நேரமே அளிக்கப்படவில்லை. வெளியே ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றனர். 1931 சூலை 10 ஆம் நாள் தண்டனை நிறைவேற்றப்படும் என்று குறிக்கப்பட்டது.

அம்மேல்முறையீடு மட்டும் இல்லாதிருந்தால் இக்கதை அத்தேதியோடு முடிந்திருக்கும். அவர்களைப் போல் முடிந்து போனவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் எவருக்கும் தெரியாது.

வழக்கை மேலே கொண்டு சென்றவர் யாவர்?

சிறையில் கிடந்த சிறுவர்களுக்கோ அவர்தம் பெற்றோருக்கோ பொருள் இல்லை. அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கவும் தெரியாது. அவர்களுக்குத் துணையாக வந்தவை அமைப்புகளே. பொதுவுடைமைச் சார்புடைய பன்னாட்டுத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு ஒருபுறம். கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் மற்றொருபுறம். வழக்கை நடத்தும் உரிமை எமக்கே என்று இவ்விரண்டும் முதலில் தம்முள் பூசலிட்டுக் கொண்டன என்பது வருந்தத்தக்க உண்மை. முடிவில் தாய்மார்களும் இளைஞர்களும் தொழிலாளர் அமைப்பினரையே தேர்ந்தனர். 1935 ஆம் ஆண்டு இறுதியில்தான் எல்லா அமைப்புகளும் கூடிக் கூட்டுப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தன. நம் ஊர்களிலும் ஒரே துயரத்துக்கு இரண்டு சங்கங்கள், இரண்டு சுவரொட்டிகள், இரண்டு வசூல் புத்தகங்கள் என்று பிரிந்து நிற்பதைக் காண்கிறோம். பிரிந்து நின்ற ஆண்டுகளில் உள்ளே கிடந்தவர்கள் அச்சிறுவர்களே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாய்மார்களின் பங்கு தனியே சொல்லத்தக்கது. இரு மக்களைச் சிறையில் விட்டிருந்த ஏடா ரைட் என்னும் அன்னை, 1932 ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குச் சென்று, தம் மக்களின் கதையை மேடைதோறும் எடுத்துரைத்தார். வெள்ளையர் வீடுகளில் வேலை செய்து பிழைத்த அத்தாய்க்கு அந்நாட்டு மொழிகள் தெரியா. தம் பிள்ளைகள் குற்றமற்றவர்கள் என்பது தெரியும், அதுவே போதுமானதாயிற்று.

முதல் வெற்றி: வழக்கறிஞர் பெறும் உரிமை

மேல்முறையீடு முதலில் அலபாமா மாநில உச்ச நீதிமன்றத்தின் முன் சென்றது. 1932 மார்ச்சில் அந்நீதிமன்றம் எழுவரின் தண்டனையை உறுதி செய்தது; யூஜின் வில்லியம்ஸ் என்பவன் சிறுவன் என்னும் காரணத்தால் அவனுக்கு மட்டும் மறுவிசாரணை அளித்தது. நீதிபதிகளுள் ஒருவர் மட்டும், அதுவும் தலைமை நீதிபதியாகிய ஆண்டர்சன், இவர்களுக்கு நேர்மையான விசாரணை கிட்டவில்லை என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். ஒருவர் எழுதிய மாற்றுக்கருத்துத் தோற்ற கருத்தாயினும், மேலே செல்பவர்களுக்கு அது கைவிளக்காகும்.

அடுத்து வழக்கு வாசிங்டனில் உள்ள ஐக்கிய நாட்டு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1932 நவம்பர் 7 ஆம் நாள், பவல் எதிர் அலபாமா என்னும் பெயரால் இன்று உலகெங்கும் அறியப்படும் தீர்ப்பு வெளிவந்தது. எழுவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக நின்ற அத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சதர்லாண்ட். படிப்பறிவில்லாத, ஏழ்மையில் உழலும், சுற்றிலும் பகைமை சூழ்ந்த இளைஞர்களை உயிர்போகும் வழக்கில் நிறுத்தி, வழக்கறிஞரின் மெய்யான துணையை அவர்களுக்கு அளிக்காதது முறையான சட்ட நடைமுறை ஆகாது என்பதே அதன் சாரம். தன்மீது பழி எதுவும் இல்லாதவனாயினும், தன்னைக் காத்துக்கொள்ளும் வகை தெரியாதவன் தண்டனைக்கு ஆளாகக் கூடும் என்பதை அந்நீதிமன்றம் ஏற்றது. தண்டனைகள் நீக்கப்பட்டு மறுவிசாரணைக்கு ஆணையிடப்பட்டது.

இங்கு நம் இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர்கள் குற்றவாளிகளா, அல்லரா என்பதை உச்ச நீதிமன்றம் ஆராயவில்லை. விசாரணை நடந்த முறையையே ஆராய்ந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலும் சாட்சிகளை மீண்டும் அழைத்துக் கேட்பதில்லை. கீழ்நீதிமன்றத்தின் பதிவேட்டில் என்ன எழுதப்பட்டிருக்கிறதோ அதையே படிக்கிறது. ஆகவே, கீழே பதிவாகாத உண்மை மேலே ஊமையாகிவிடும். மேல்முறையீட்டின் உயிர்நிலை இதுவே.

தோற்கும் இடத்திலும் பதிவு செய்தல்

மறுவிசாரணை 1933 ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அதே மாநிலத்து டிகேட்டர் நகரில் நடந்தது. நியூயார்க்கிலிருந்து சாமுவேல் லீபோவிட்ஸ் என்னும் புகழ்பெற்ற வழக்கறிஞர் ஊதியம் பெறாது வந்து வாதாடினார். குற்றம் சாட்டிய இரு பெண்களுள் ஒருவராகிய ரூபி பேட்ஸ், அவ்வாறு எதுவும் நடக்கவில்லை என்று நீதிமன்றத்தில் எழுந்து நின்று சொன்னார். அப்படியிருந்தும், முதலில் விசாரிக்கப்பட்ட ஹேவுட் பேட்டர்சனுக்கு ஜூரி மீண்டும் மரண தண்டனையே அளித்தது.

அவ்வழக்கை விசாரித்த நீதிபதி ஜேம்ஸ் ஹார்டன் அம்மாநிலத்து வெள்ளையர். அவர் சாட்சியங்களை ஒவ்வொன்றாக எடை போட்டு, குற்றச்சாட்டை அவை தாங்கவில்லை என்று கண்டு, 1933 சூன் 22 ஆம் நாள் ஜூரியின் முடிவைத் தாமே நீக்கினார். அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் அவர் நீதிபதி பதவியை இழந்தார். மனச்சான்றுக்கு விலை கொடுத்த இத்தகையோரை நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும். நீதி ஓர் இனத்தாரின் தனிச்சொத்தன்று.

வழக்கு வேறு நீதிபதியிடம் மாற்றப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் பேட்டர்சனுக்கும் கிளாரன்ஸ் நாரிசுக்கும் மூன்றாம் முறையாகவும் இரண்டாம் முறையாகவும் முறையே மரண தண்டனை விதிக்கப்பட்டது. இத்தகைய நீதிமன்றத்தில் தாம் வெல்லப் போவதில்லை என்பது லீபோவிட்சுக்குத் தெரியாததன்று. ஆயினும் அவர் ஒன்றை விடாது செய்தார். அம்மாவட்டத்தில் மனிதர் நினைவுக்கெட்டிய காலம் முதல் கறுப்பினத்தார் ஒருவர்கூட ஜூரியில் அமர்ந்ததில்லை என்பதைச் சாட்சிகளை வரிசையாக அழைத்துப் பதிவு செய்தார். ஜூரிப் பட்டியல் புத்தகத்தையே நீதிமன்றத்துக்கு வரவழைத்தார். அதில் கறுப்பினத்தார் சிலருடைய பெயர்கள் காணப்பட்டன. ஆனால், பட்டியல் முடிவைக் காட்ட வரைந்திருந்த சிவப்புக் கோட்டின் மேல் அப்பெயர்கள் பின்னர் எழுதிச் சேர்க்கப்பட்டவை என்பதைக் கையெழுத்து வல்லுநரைக் கொண்டு மெய்ப்பித்தார். கீழ்நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஆனால் பதிவேட்டில் அது ஏறிவிட்டது.

அப்பதிவே பின்னர் பேசியது. வழக்கு மீண்டும் வாசிங்டன் சென்றபோது, அந்தப் புத்தகம் நீதிபதிகளின் கைக்கே கொடுக்கப்பட்டது. தலைமை நீதிபதி ஹியூஸ் பூதக்கண்ணாடி கொண்டு அவ்வெழுத்துகளைப் பார்த்தார். 1935 ஏப்ரல் 1 ஆம் நாள், நாரிஸ் எதிர் அலபாமா என்னும் தீர்ப்பில், ஓர் இனத்தாரைத் திட்டமிட்டு ஜூரியிலிருந்து விலக்கி வைத்து நடத்தும் விசாரணை செல்லாது என்று எதிர்ப்பின்றி முடிவு கூறப்பட்டது.

நாள் தவறிய மேல்முறையீடு

நாரிசோடு தண்டிக்கப்பட்ட பேட்டர்சனின் நிலை அப்போது பெரும் இடரில் இருந்தது. அவனுக்கும் அதே வாதம் பொருந்தும். ஆனால், அவனுடைய மேல்முறையீட்டுக்கு வேண்டிய ஆவணம் உரிய காலத்துக்குள் தாக்கல் செய்யப்படவில்லை என்று கூறி, அலபாமா நீதிமன்றம் அதனைப் படிக்கவே மறுத்துவிட்டது. ஒரே குற்றச்சாட்டு, ஒரே ஜூரிப் பட்டியல், ஒரே அநீதி; ஒருவனுக்கு வாழ்வு, மற்றவனுக்கு நாள் தவறிய காரணத்தால் மின் நாற்காலி. ஐக்கிய நாட்டு உச்ச நீதிமன்றம் இந்த முரண்பாட்டைப் பொறுக்கவில்லை. நாரிஸ் தீர்ப்பின் ஒளியில் பேட்டர்சனின் வழக்கையும் மாநில நீதிமன்றம் மீண்டும் எண்ணிப் பார்க்கட்டும் என்று அதே நாளில் திருப்பி அனுப்பியது. அவன் பிழைத்தான். இது அருமையாகக் கிட்டிய இரக்கம், வழக்கமாகக் கிட்டுவதன்று. மஞ்சள் பையோடு வந்த அப்பெரியவரை நாம் நினைவுகூர்வது இவ்விடத்தில்தான்.

கிடைத்ததும் கிடைக்காததும்

இவ்வளவு வெற்றிக்குப் பின் ஒன்பதின்மரும் உடனே வீடு திரும்பினர் என்று எழுத நமக்கும் ஆசைதான். வரலாறு அவ்வாறு எழுதவில்லை. 1936 சனவரியில் பேட்டர்சனுக்கு எழுபத்தைந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1937 சூலையில் நாரிசுக்கு மீண்டும் மரணம். ஆண்டி ரைட்டுக்குத் தொண்ணூற்றொன்பது ஆண்டு. சார்லி வீம்சுக்கு எழுபத்தைந்து ஆண்டு. ஓசி பவல், காவலர் ஒருவரைக் கத்தியால் தாக்கியபோது தலையில் சுடப்பட்டு, வாழ்நாள் முழுதும் அதன் ஊறுடன் வாழ்ந்தான். அத்தாக்குதலுக்காக இருபதாண்டுத் தண்டனை பெற்றான். அதே மாதம் 24 ஆம் நாள், மான்ட்கோமெரி, ராபர்சன், வில்லியம்ஸ், ராய் ரைட் ஆகிய நால்வர் மீதிருந்த குற்றச்சாட்டுகளை அரசே கைவிட்டது. ஒரே வண்டி, ஒரே சாட்சி. நால்வர் குற்றமற்றவர், எஞ்சியோர் குற்றவாளிகள் என்றால் இதில் எந்த நியாயம் உள்ளது? பதின்மூன்று வயதில் உள்ளே சென்ற ராய் ரைட், எந்தத் தீர்ப்பும் இன்றியே ஆறாண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்து வெளியே வந்தான்.

நாரிசின் மரண தண்டனை 1938 இல் மாநில ஆளுநரால் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. பேட்டர்சன் 1948 இல் சிறையிலிருந்து தப்பினான்; வேறொரு வழக்கில் சிறையிலேயே 1952 இல் இறந்தான். ஆண்டி ரைட் இறுதியாக வெளிவந்தது 1950 இல். 1976 ஆம் ஆண்டில் கிளாரன்ஸ் நாரிசுக்கு அலபாமா அரசு முழு மன்னிப்பு அளித்தது. செய்யாத குற்றத்துக்கு அதைப் பெற அவர் நாற்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தார். 1989 இல் அவர் காலமானார். பேட்டர்சன், வீம்ஸ், ஆண்டி ரைட் ஆகிய மூவருக்கும் மன்னிப்பு 2013 நவம்பர் 21 ஆம் நாள் வழங்கப்பட்டது. அப்போது அவர்களுள் ஒருவரும் உயிருடன் இல்லை.

ஆகவே மேல்முறையீடு உயிரைக் காக்கும், சட்டத்தைத் திருத்தும், இழந்த இளமையை அது திருப்பித் தராது. ஆனால் எண்மருள் ஒருவரும் அந்த மின் நாற்காலியில் அமர்த்தப்படவில்லை என்பதை மறத்தல் கூடாது. அவர்கள் பெற்றுத் தந்த உரிமை பிறர்க்கும் பயன்பட்டது. 1963 இல் கிடியன் என்னும் ஏழை வெள்ளையர் ஒருவர், சிறையிலிருந்து பென்சிலால் தம் கையாலேயே எழுதியனுப்பிய மனுவின் பேரில், மரண தண்டனை இல்லாத பெருங்குற்ற வழக்குகளிலும் ஏழைக்கு அரசே வழக்கறிஞரை அமர்த்த வேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கறுப்பினச் சிறுவர்கள் வெட்டிய வாய்க்காலில் வெள்ளையர் வயலுக்கும் நீர் பாய்ந்தது.

நம் நாட்டுக்கு வந்த ஒளி

இவ்வழக்கு நமக்கு அயலானதன்று. கைது செய்யப்பட்ட எவருக்கும் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசித் தம்மைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று நம் அரசியலமைப்பின் 22 ஆம் பிரிவு கூறுகிறது. அதற்கான வாசகத்தை 1949 செப்டம்பரில் அரசியலமைப்பு அவையில் முன்மொழிந்தவர் அண்ணல் அம்பேத்கரே. 1951 இல் தெலுங்கானாப் போராட்டத்தில் மரண தண்டனை பெற்றவர்களின் வழக்கு நம் உச்ச நீதிமன்றத்தில் வந்தபோது, பவல் தீர்ப்பு எடுத்துக்காட்டி ஆராயப்பட்டது. ஆயினும் அவர்களின் கோரிக்கை அன்று ஏற்கப்படவில்லை. பின்னர்க் காலம் மாறியது. 1976 இல் 42 ஆம் திருத்தத்தின் வழி இலவச சட்ட உதவி 39அ பிரிவாக அரசியலமைப்பில் இடம்பெற்றது. 1978 இல் ஹோஸ்கோட் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், தண்டிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பின் நகலைக் காலத்தே இலவசமாகத் தருவதும், மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞர் துணையின்றித் தவிப்பவருக்கு அதை அளிப்பதும் அரசின் கடமை என்று தீர்ப்பளித்தார்.

இன்றைய நிலையைச் சுருக்கமாகக் கூறுவோம். அமர்வு நீதிமன்றத்துக்குச் செல்லும் மேல்முறையீட்டுக்கு முப்பது நாட்கள். உயர்நீதிமன்றத்துக்கு அறுபது நாட்கள். அமர்வு நீதிமன்றம் விதித்த மரண தண்டனையானால் முப்பதே நாட்கள். நகல் பெறுவதற்கு ஆன நாட்கள் இக்கணக்கில் சேரா. தக்க காரணம் காட்டினால் தாமதம் மன்னிக்கப்படலாம்; ஆனால் அது உரிமையன்று, நீதிமன்றத்தின் கருணை. சிறையில் இருப்பவர் தம் முறையீட்டைச் சிறை அதிகாரி வழியாகவே அனுப்பலாம். 1987 ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி பெறும் தகுதி உண்டு. 2024 சூலை முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்களும் மாறியுள்ளன. மேல்முறையீட்டு உரிமை மாறவில்லை.

இன்னொன்றையும் ஒளியாது சொல்ல வேண்டும். மேல்முறையீடு என்னும் கதவு இருபுறமும் திறப்பது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் நாற்பத்துநான்கு உயிர்கள் குடிசையில் எரிக்கப்பட்ட வழக்கில், கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் விடுவித்தது. வலியவர்கள் நாள் தவறாமல் மேல்முறையீடு செய்வார்கள். அவர்களுக்குப் படித்துச் சொல்ல ஆள் உண்டு. 2009 டிசம்பர் 31 முதல், எதிரிகள் விடுவிக்கப்பட்டால் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யும் உரிமை சட்டத்தில் வந்துள்ளது. அரசு முறையிடட்டும் என்று காத்திருந்த காலம் போயிற்று. அவ்வுரிமையும் தாளில் கிடந்தால் பயனில்லை.

இளைஞர்களுக்கு

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் மாலைப் பள்ளி நடத்தியும், நோட்டுப் புத்தகம் வழங்கியும், விடுதிக் கட்டணம் செலுத்தியும் பிள்ளைகளைப் படிக்க வைத்து வருகிறது. படித்தவர்களில் ஆசிரியர்கள் உண்டு, செவிலியர் உண்டு, அலுவலர் உண்டு, வழக்கறிஞர்களும் வந்திருக்கின்றனர். படிப்பின் பயன் வேலை மட்டுமன்று. ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு தாள் வந்தால், அது நீதிமன்றத் தாளாயினும் வருவாய்த்துறைத் தாளாயினும், அன்று மாலைக்குள் அதைப் படித்து, இதில் நாள் எது, கெடு எது, அடுத்துச் செல்ல வேண்டிய இடம் எது என்று சொல்ல ஒருவர் இருத்தல் வேண்டும். அவ்வாறு சொல்லும் பழக்கத்தை ஒவ்வொரு தெருவிலும் ஓர் இளைஞர் மேற்கொள்ளட்டும். ஒரு குறிப்பேட்டில் வழக்கு எண், தீர்ப்பு நாள், நகல் பெற்ற நாள் ஆகியவற்றை எழுதி வைக்கட்டும். சாட்சி சொல்லச் செல்பவருக்கு, கண்டதைத் தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்து வருமாறு எடுத்துரைக்கட்டும். கீழே எழுதப்பட்டதே மேலே பேசும்.

ஒரு சிவப்புக் கோட்டின் மேல் எழுதப்பட்ட பெயர்களைக் கூர்ந்து படித்தவர் ஒருவர் இருந்ததனால் ஒரு நாட்டின் சட்டம் மாறியது. சாமிப் படத்தின் பின்னால் ஒரு தீர்ப்பு நாற்பத்தொரு நாள் கிடந்ததும் படிப்பவர் இல்லாததனாலேயே. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை நம் பிள்ளைகள் கடக்க வேண்டும். அதற்கு வழி செய்து வரும் நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாவைத் தொடர்ந்து பொன்விழாவும் காண வேண்டுமென்று வாழ்த்துகிறோம்.